பன்னெண்டு மணிக்குள்ள ஒரு படம்

— நிஷ்ட்... கெஃபுன்... போப்பா ஜவாத்! இந்த ஜெர்மன்காரன் ஒரே வார்த்தைக்குள்ள ஒரு கல்யாண ஊர்வலத்தையே அடைச்சு வச்சிருக்கான். என் வாய்க்குள்ள நுழைய மாட்டேங்குது.

— எழுத்து எழுத்தாச் சொல்லுங்க, லல்லா ரகியா. பொறுமையா. நான் மெக்னேஸ் பெரியாஸ்பத்திரி சர்வர் ரூம்லதான் உக்காந்திருக்கேன், எங்கயும் ஓடிப் போகல.

— நீ ஓட மாட்டே. நெஞ்சைப் படம் எடுக்கற என் எக்கோ மெஷின்தான் ஓடப் போவுது. இங்க மிதெல்த் ஆஸ்பத்திரி வாசல்ல லாரி வந்து நின்னு ஒரு மணி நேரமாச்சு. டிரைவர் டயர் மேல சாஞ்சு உக்காந்து ஹர்ஷா ரொட்டியைத் தேன்ல தொட்டுத் தொட்டுத் தின்னுக்கிட்டிருக்கான். பன்னெண்டு அடிச்சதும் மெஷினைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவானாம்.

— லாரியை அனுப்பினது நானில்ல, வல்லாஹி. துணை டைரக்டர் ஓலை. "வியாழக்கிழமை பன்னெண்டுக்குள்ள புது சர்வர்ல ஒரு ஃபைலாவது கொண்டு வந்து போட முடியாத பழைய கம்ப்யூட்டர் அத்தனையும் கழிவு." அப்படியே எழுதியிருக்கார்.

— கழிவா? அவர் நெஞ்சைக் கொண்டு வந்து இந்த மெஷின் முன்னாடி காட்டச் சொல்லு. உள்ள ஏதாவது இருக்கா இல்லையான்னு நான் சொல்றேன். இருபது வருஷமா இந்த ஊர் நெஞ்சுக்குள்ள பாத்துக்கிட்டிருக்கேன்.

— சொல்றேன், சொல்றேன். முதல்ல திரையில இருக்கிறதைச் சொல்லுங்க.

— "நிஷ்ட் கெஃபுண்டென்". போதுமா?

— போதும். "காணோம்"னு அர்த்தம். நேத்து அகராதியைப் புரட்டி எழுதி வச்சிருக்கேன். அந்த ஃபோல்டர் கிடைக்கலன்னு சொல்லுது. இந்த மெஷினை ஏன்தான் ஜெர்மன்லயே விட்டு வச்சீங்களோ.

— டுசெல்டார்ஃப்ல வேலை பாக்கற நம்ம ஊர்ப் பசங்க காசு போட்டு வாங்கி அனுப்பினது. தானம் வந்த குதிரை எந்தப் பாஷையில கனைச்சா என்ன? ஆ, இருங்க, அசையாதீங்க, இடது பக்கமாவே படுத்திருங்க... உன்னைச் சொல்லல ஜவாத். மேசைல ஒருத்தங்க படுத்திருக்காங்க.

— இப்பவா? மெஷின் இணையாத நேரத்துல பேஷண்ட்டா?

— பின்ன? படம் எடுக்கறது மெஷின் தன் பாட்டுக்கு எடுக்குது. அதை அங்க அனுப்பறதுதான் வம்பு. படத்தை அங்க உங்க இருதய டாக்டர் ஸ்கல்லி இன்னிக்கே பாத்தாகணும்பா. இவங்களுக்கு ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. காலு வீங்கியிருக்கு. மூணு மாசமா யாருக்கும் சொல்லாம மறைச்சு வச்சிருந்திருக்காங்க, கெட்டிக்காரி.

— அல்லாஹ் சுகம் தரட்டும். நான் பேசறது அவங்க காதுல விழுதா?

— என் கையெல்லாம் ஜெல். போனை ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல் விளிம்புல வச்சிருக்கேன். விழத்தான் செய்யும். பேசினா படம் கலங்கும், வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ சங்கடப்படாம பேசு.

— சரி. ஆரம்பத்துல இருந்து போவோம். நோம்புல நல்லா ஓடிச்சு, இல்லையா?

— தேன் மாதிரி ஓடிச்சு. நோம்பு ரெண்டாவது வாரம் நீதான் போன்லயே சொல்லிச் சொல்லி இணைச்சு விட்டே. அதுக்கு முன்னாடி தாள்ல அச்செடுத்து பஸ்காரர் கையில குடுத்து விடுவேன். அப்புறம் ஒரு நாள் தவறல. படம் எடுப்பேன், பொது ஃபோல்டர்ல போடுவேன், அங்க டாக்டர் திறந்து பாத்துருவார். பெருநாள் முடிஞ்சு திங்கக்கிழமை வந்து உக்காந்தேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திருச்சு.

— பெருநாள் லீவுலதான் பழைய சர்வரைக் கழட்டிட்டு ரெண்டு புது சர்வர் வச்சோம். அதுலதான் எங்கயோ உங்க மெஷின் விட்டுப் போச்சு.

— அதான் நீ பெருநாளைக்கு ஊருக்கு வரலயா?

— அதான். ராவும் பகலும் இங்கதான் கிடந்தேன். லல்லா, நீங்க எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கீங்க, எங்கம்மாவைப் பாத்தீங்களா?

— பாத்தேன். இன்னிக்குக் காலைல கூடப் பாத்தேன்.

— கோவமா இருக்காங்களா?

— உன் மேல கோவப்பட யாரால முடியும்? ...என்னம்மா, ஏன் குலுங்கறீங்க? அசையக் கூடாதுன்னேனே.

— என்னாச்சு அவங்களுக்கு?

— ஒண்ணுமில்ல. ஜெல் சில்லுன்னு இருக்காம், சிரிப்பு வருதாம்.

— கோவப்பட்டுத் திட்டினாக் கூடப் பரவால்ல லல்லா. "வர முடியல யம்மா"ன்னேன். "சரிடா"ன்னு ஒரே வார்த்தை. மறுநாள் பஸ்ல ஒரு டப்பா ஸெல்லூ இனிப்பு வந்து நிக்குது. பாதாம் அத்தனையும் எனக்குப் பிடிச்ச மாதிரி கருக வறுத்திருக்காங்க. ஒரு கரண்டி வாயில போட்டேன், அவ்வளவுதான். சர்வரைப் பாத்து அழற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.

— இரு, கண்ணுல ஏதோ பட்டுருச்சு. நீ வேலையைப் பாரு.

— திரைக்கு மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்ல, அதுல என்ன பேர் எழுதியிருக்கு?

— "மெக்னேஸ் ஒண்ணு." செவ்வாய்க்கிழமை உங்க ஆபீஸ்ல இருந்து போன்ல சொன்னாங்க, எழுதிக்கிட்டேன். அதைத்தான் அடிக்கறேன்.

— அட! யார் சொன்னது அப்படி? அதான் காணோம்னு சொல்லுது. கேளுங்க. அந்த ரெண்டு சர்வரும் அண்ணன் தம்பி. ஒரே வீட்ல இருக்காங்க. ஃபோல்டர் ரெண்டு பேருக்கும் பொது. ஒருத்தன் படுத்துட்டா இன்னொருத்தன் எழுந்து வேலையைப் பாப்பான், வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா குடும்பப் பேரைச் சொல்லிக் கேட்டாத்தான் ஃபோல்டரை எடுத்துக் குடுப்பாங்க. அண்ணன் பேரைச் சொல்லித் தனியாத் தட்டினீங்கன்னா, "அப்படி ஒண்ணு எங்க வீட்லயே இல்லையே"ம்பான்.

— எங்க மாமனார் வீடேதான். சரி, குடும்பப் பேர் என்ன?

— கஜானா.

— அடேயப்பா. ஆமா, இதை வியாழக்கிழமைதான் சொல்வியா?

— புதுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் இங்கிருந்தே பேரை மாத்திட்டோம். உங்களுது எங்க பேச்சைக் கேக்காது. நம்ம கையாலதான் அடிக்கணும். யாரோ தப்பாச் சொன்னது எங்க ஆளுங்க மேல குத்தம், மன்னிச்சிருங்க. "மெக்னேஸ் ஒண்ணு"ங்கறதை அழிச்சுட்டு "கஜானா"ன்னு அடிங்க. மத்தது அப்படியே இருக்கட்டும்.

— அடிச்சாச்சு. பிஸ்மில்லாஹ்... சுத்துது... சுத்துது... ஐயோ, மறுபடியும் கட்டம் போட்டு ஒண்ணு வந்திருச்சு. இது வேற வார்த்தை. சுக்ரிஃப். சுக்ரிஃப் வெர்வை... வெர்வைகெர்ட்.

— இருங்க, சீட்டுல பாக்கறேன். "அனுமதி இல்லை." நல்லது!

— இதுல என்ன நல்லது?

— முன்னாடி வீடே தெரியலன்னுச்சு. இப்ப வீடு தெரிஞ்சு போச்சு, உள்ளதான் விட மாட்டேங்குது. பாஸ்வேர்டை இன்னொரு தடவை அடிங்க. பெரிய எழுத்து விழாம பாத்துக்குங்க.

— அடிச்சேன். சுக்ரிஃப்.

— இன்னொரு தடவை.

— சுக்ரிஃப். ஜவாத், இந்த வார்த்தை எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. இனிமே என் மருமக எதுக்கு அனுமதி கேட்டாலும் "சுக்ரிஃப்"னு சொல்லிரப் போறேன்.

— புரியலயே. உங்க மெஷின் பேசறது ரொம்பப் பழைய பாஷை. புது சர்வருங்க அதைக் காதுல வாங்கவே வாங்காது. அந்தப் பாஷை வழியாத்தான் திருடன் நுழைவான்னு எல்லாப் பக்கமும் அடைச்சு வச்சிருக்கோம். உங்க ஒரு மெஷினுக்கு மட்டும் சின்னதா ஒரு கதவைத் திறந்து, காவலும் போட்டு வச்சிருக்கேன். மூணு கையெழுத்து வாங்கித் திறந்த கதவு. அது திறந்துதான் இருக்கு, என் கண்ணு முன்னாடியே தெரியுது. உங்க மெஷின் வந்து தட்டறதும் தெரியுது. அப்புறம் ஏன் திருப்பி அனுப்பறான்?

— என்கிட்டயா கேக்கறே?

— இல்ல, நானே கேட்டுக்கறேன். ...கணக்கைப் புதுசா எழுதிப் பாத்தேன். ம்ஹூம். தம்பி சர்வர் பக்கம் மாத்திப் பாத்தேன். அவனும் அதையேதான் சொல்றான். இப்ப அடிங்க.

— சுக்ரிஃப்.

— மணி என்ன?

— பதினொண்ணு இருபது. டிரைவர் கயித்தைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டான்.

— லல்லா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் செஞ்சு பாத்துட்டேன். அந்த அம்மாவை நாளைக்குப் பஸ்ல இங்க அனுப்பி வைங்களேன்.

— எந்தப் பஸ்ஸு? கணவாய்ல இன்னும் பனி கிடக்கு. அஞ்சு மணி நேரம் அந்த வளைவுல உக்காந்து வர்ற நெஞ்சா இது? இன்னிக்கு டாக்டர் பாத்து மருந்து சொன்னா இங்கயே குடுத்து நிறுத்திரலாம். இவங்களுக்காகத்தான் காலைல இருந்து உன்கிட்டக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். மெஷின் போனாப் போகட்டும்பா, இந்த ஒரு படம் மட்டும் போயிரட்டும்.

— அழாதீங்க.

— அழல. கோவம். இருபது வருஷத்துல எனக்கு இவ்வளவு கோவம் வந்ததில்ல.

— சரி. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. நான் எழுந்திருக்கப் போறதில்ல. அம்மாவுக்கு மட்டும் மத்தியானம் பேசறேன்னு சொல்லியிருந்தேன். ஹம்மாம்ல குளிச்சுட்டு பன்னெண்டுக்கு வீட்டுக்கு வந்துருவேன்னாங்க. காத்திருப்பாங்க. பரவால்ல, அவங்க பன்னெண்டு வேற, நம்ம பன்னெண்டு வேற.

— அதென்ன அது?

— எங்கம்மா நோம்புக்கு அப்புறம் கடிகாரத்தை மாத்தறதே இல்லையே! நோம்புக்காகப் பின்னாடி தள்ளின ஒரு மணி நேரத்தை அரசாங்கம் மறுபடி முன்னாடி தள்ளினா அவங்களுக்கென்ன? வருஷம் பூரா நோம்பு மணியிலயேதான் இருப்பாங்க. "பத்து மணிக்குப் பேசறேன் யம்மா"ன்னு சொன்னா போதும். "எந்தப் பத்து? பழைய மணியா, புது மணியா? சூரியனைக் கேட்டியா?"ம்பாங்க. ஒவ்வொரு தடவையும் இதே பாட்டு. ஒரு தடவை என் கல்யாணப் பேச்சுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து வாசல்ல நிக்கறாங்க, இவங்க இன்னும் மாவு பிசைஞ்சுக்கிட்டிருக்காங்க.

— ஹா! அதான் அந்த சம்பந்தம் நின்னு போச்சா?

— நின்னு போனதுல எனக்கொண்ணும் வருத்தமில்ல. அவங்ககிட்ட சொல்லிராதீங்க. லல்லா, அந்தப் பேஷண்ட் ஏன் இருமறாங்க?

— இருமலில்ல, சிரிக்கறாங்க. உன் கதை நல்லாருக்காம். ஏம்மா, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிங்க! ...நான் உங்கம்மா மாதிரி இல்லப்பா. திங்கக்கிழமை காலைல உள்ள நுழைஞ்சதும் முதல் வேலை அதுதான். சுவர்க் கடிகாரம், என் கைக்கடிகாரம், இந்த மெஷின், எல்லாத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுட்டுத்தான் உக்காந்தேன். படத்துல நேரம் தப்பா விழுந்தா டாக்டர் கத்துவார்.

— என்ன சொன்னீங்க?

— டாக்டர் கத்துவார்னேன்.

— அதுக்கு முன்னாடி. மெஷினையுமா தள்ளி வச்சீங்க?

— ஆமா. கீழ மூலையில மணி ஓடுதில்ல, அதைக் கையால மாத்தினேன். வருஷா வருஷம் பண்றதுதானே.

— திங்கக்கிழமை?

— திங்கக்கிழமை.

— இணைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடிதான். மணியை மாத்தினேன், அப்புறம்தான் கதவைச் சாத்திருச்சு... ஜவாத், ஏன் மேசையைக் குத்தறே?

— மேசை இல்ல, என் மண்டை. கேளுங்க, கேளுங்க! உங்க மெஷின் செஞ்ச காலத்துல நம்ம நாட்டுக்கு ஒரே மணிதான். இந்தப் புது மணியைப் பத்தி அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நோம்பு வந்தா நாடே பழைய மணிக்குத் திரும்புது. சர்வருங்க உள்ளுக்குள்ள எப்பவும் பழைய மணியிலயேதான் கணக்கு வைக்கும். அதனால நோம்பு பூரா உங்க மெஷின் சொன்ன நேரமும் சர்வர் நேரமும் ஒண்ணா இருந்துச்சு. நீங்க கையால ஒரு மணி நேரம் தள்ளினதும், "நான் வரப்போற மணியில இருந்து வர்றேன்"னு போய் நிக்குது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா இந்த அண்ணன் தம்பிங்க உள்ள விட மாட்டாங்க. திருடன் எவனோ பழைய சீட்டைக் காட்டறான்னு நினைப்பாங்க.

— அப்ப என் கை வேலைதானா இது?

— உங்க கை வேலையும் இல்ல, சர்வர் குத்தமும் இல்ல. ரெண்டும் ஒரே வாரத்துல நடந்துச்சு. நான் புது சர்வரையே முறைச்சுக்கிட்டிருந்தேன், கடிகாரத்தைக் கேக்கணும்னு தோணவே இல்ல. பின்னாடி தள்ளுங்க லல்லா. ஒரு மணி நேரம். எங்கம்மா மணிக்கு வைங்க!

— இரு, கையைத் துடைச்சுக்கறேன். மூலையில ரெண்டு தட்டு... பதினொண்ணு முப்பத்திரண்டு இருந்துச்சு... பத்து முப்பத்திரண்டு ஆக்கிட்டேன். இப்ப?

— இப்ப அனுப்புங்க.

— பிஸ்மில்லாஹ். சுத்துது.

— எனக்குத் தெரியுது. வந்து தட்டுது... தட்டுது...

— கட்டம் எதுவும் வரல ஜவாத். பச்சையா ஒரு கோடு ஓடுது. ஓடுது. யா ரப்பி, ஓடுது!

— உள்ள வந்திருச்சு! நெஞ்சுப் படம், முப்பத்தெட்டாம் நம்பர். பதினொண்ணு முப்பத்தாறு. வந்திருச்சு லல்லா!

— அல்ஹம்துலில்லாஹ்! அடேய் டிரைவரே! கயித்தைச் சுத்தி வச்சுட்டு ரொட்டியைத் தின்னு முடி! ஜன்னல் வழியாத்தான் கத்தினேன், நீ காதைப் பொத்திக்கோ.

— லேட்டாச்சு, காது போயிருச்சு. இருங்க, துணை டைரக்டருக்கு ஒரு வரி எழுதிப் போடறேன். "மிதெல்த் எக்கோ மெஷின் இணைஞ்சாச்சு. கழிவு இல்லை." கடைசியில வர்ற புள்ளியை மட்டும் அழுத்தி வைக்கறேன். இனிமே அந்த மெஷின் கடிகாரத்தை யாரும் தொடக் கூடாது. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன், படத்துல பழைய மணிதான் விழும்னு.

— மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டறேன். "தொட்டா சுக்ரிஃப்."

— இருங்க, டாக்டர் ஸ்கல்லி இன்னொரு லைன்ல கூப்பிடறார். படத்தைத் திறந்துட்டார் போல. ஒரே நிமிஷம், வச்சிராதீங்க.

— வைக்க மாட்டேன். ...கேட்டீங்களா? படம் போயிருச்சு. வாயைத் திறக்காதீங்க, சொல்லிட்டேன். அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினது நீங்கதான். கண்ணைத் துடைச்சுக்குங்க.

— லல்லா, நான் வந்துட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டேன். வால்வு ஒண்ணு சோம்பலாயிருச்சாம். அறுக்கத் தேவையில்ல. மாத்திரை பேரு உங்களுக்கு அனுப்பிட்டேன், இன்னிக்கே ஆரம்பிக்கணும். நல்லவேளை இன்னிக்கே பாத்தோம், இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கதையே வேறன்னார்.

— அல்லாவே... கேட்டீங்களா அம்மா, அறுக்கத் தேவையில்லையாம்.

— மாத்திரையில மூச்சு வாங்கறது குறைஞ்சதும், அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை இங்க கொண்டு வந்து ஒரு தடவை நேர்ல காட்டணுமாம். அதுக்குள்ள கணவாய்ல பனியும் கரைஞ்சுரும். ஆனா தனியா வரக் கூடாது. வீட்ல யாராவது இருக்காங்களா அவங்களுக்கு?

— ஒரு மகன் இருக்கான். வேலை வேலைன்னு இருக்கறவன். பெருநாளைக்குக் கூட வரல.

— என்ன பிள்ளை அவன்! அம்மாவுக்குக் காலு வீங்கினது கூடவா தெரியாது? நம்பரைக் குடுங்க, நான் பேசறேன் அவன்கிட்ட. நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்.

— நீ கேக்கறதைக் கேட்டாத் தாங்க மாட்டான்பா, பாவம். இவங்களும் அவனை ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டாங்க. "தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான், மேலதிகாரி திட்டுவான்"னு மறைச்சதே அதுக்காகத்தான்.

— எல்லா அம்மாவும் ஒரே மாதிரிதான் போல. சரி, அவன் கிடக்கான் விடுங்க. நான் அவங்ககிட்டயே நேரா சொல்லிரட்டா? கேக்குதில்ல அவங்களுக்கு?

— நல்லாவே கேக்குது. சொல்லு.

— அம்மா, என் பேரு ஜவாத். பயப்படாதீங்க. மாத்திரையை மறக்காமப் போடுங்க, உப்பைக் குறைங்க. அந்தத் திங்கக்கிழமை மெக்னேஸ் பஸ் ஸ்டாண்டுல நானே வந்து நிப்பேன். உங்க மகன் வரலன்னா என்ன, என்னை மகன்னு நினைச்சுக்குங்க. கையைப் பிடிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார்.

— எந்தப் பத்து? பழைய மணியா, புது மணியா? சூரியனைக் கேட்டியா?

— ...யம்மா?